நான்கு கம்பிக் குறிப்புகள்

கிட்டார்காரன் பேஸுக்கு வருவது பெரும்பாலும் வேறொருவர் போனதால்தான். 1961இல் ஹம்பர்க் நகரில் ஸ்டூவர்ட் சட்கிளிஃப் பீட்டில்ஸ் குழுவை விட்டு விலகினார். பேஸை யார் எடுப்பது என்ற கேள்வி வந்தபோது லெனனும் ஹாரிசனும் நகரவில்லை. அது மெக்கார்ட்னியின் தலையில் விழுந்தது. 1963இல் ஹொலிவூட்டில் கெப்பிட்டல் ரெக்கோர்ட்ஸின் ஒலிப்பதிவு ஒன்றுக்குப் பேஸ்காரர் வரவில்லை. கிட்டார் வாசித்துப் பெயர் எடுத்திருந்த கெரல் கேய் அன்று பேஸை எடுத்தார், அப்புறம் கீழே வைக்கவேயில்லை. எங்கள் குழுவுக்கு அந்த வருஷம் 2022. வெளிநாட்டு வேலைக்கு 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இலங்கையை விட்டுப் போன வருஷம். எங்கள் பேஸ்காரத் தம்பியும் கட்டாருக்குப் போனான். டிக்கெட்டுக்காக முதலில் பேஸை விற்றான்.

கொஞ்ச காலம் கீபோர்ட்காரர் இடக்கையால் சமாளித்தார். கோவில் பாட்டுக்கு அது போதும். கலியாண வீட்டில், ஆட்டம் தொடங்கிய பிறகு, போதாது. கிட்டார்காரனான என் முறை வந்தது.

*

“ஒங்க கிட்டாரையே எறக்கி வாசிச்சா போதாதாண்ணே?” என்று கேட்டான் ட்ரம்ஸ் தம்பி. இறக்கிப் பார்த்தால் தெரியும். கிட்டாரின் தடித்த கம்பி நொடிக்கு 82 தடவை அதிர்கிறது. பேஸின் ஈ கம்பி அதில் பாதி, 41. கிட்டார்க் கம்பியை அவ்வளவு தூரம் தளர்த்தினால் அது கொடியில் காயும் ஈரத்துணி மாதிரித் தொங்கும், சுரம் நிற்காது. தாழ்ந்த சுரத்துக்குக் கம்பி தடித்தால் மட்டும் போதாது, நீளவும் வேண்டும். லியோ ஃபெண்டர் 1951இல் பிரிசிஷன் பேஸை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது 34 அங்குலத்தில் நிறுத்தினார். இன்றைக்கும் பெரும்பாலான பேஸ்களின் நீளம் அதுதான். அதற்கு முன் குழுவின் அடிச்சுரம் ஆளுயர டபுள் பேஸில் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போன ஆட்களின் முதுகை நினைத்தால் ஃபெண்டருக்குக் கும்பிடு போடத் தோன்றும்.

*

பணம். 2022 மார்ச்சுக்கு முன் டொலர் 200 ரூபாவைச் சுற்றி நின்றது. மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. பிறகு 300 பக்கம் இறங்கி நின்றாலும், இறக்குமதியாகும் எந்த வாத்தியத்தின் விலையும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. புதிய யமஹா, ஐபனெஸ், ஸ்குவையர் எல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கட்டும் என்று விட்டுவிட்டுப் பாவித்ததைத் தேடினேன்.

மலிவு என்று கூச்சப்பட ஒன்றுமில்லை. மெக்கார்ட்னி ஹம்பர்க்கில் வாங்கிய ஹொஃப்னர் பேஸ், ஃபெண்டர் எட்டாத விலையில் இருந்ததால் வாங்கியது. சுமார் 30 பவுண். வயலின் மாதிரி இருபக்கமும் ஒரே வடிவம் என்பதால் இடக்கைக்காரர் திருப்பிப் பிடித்தாலும் அசிங்கமாகத் தெரியாது. அந்த பேஸ் 1972இல் லண்டனில் வண்டியிலிருந்து களவு போய், பல கை மாறி, அவரிடம் திரும்பி வந்துவிட்டது என்ற செய்தி 2024இல் வந்தது. இன்று அதற்கு என்ன விலை வைப்பார்கள் என்பதில் எனக்கு அக்கறையில்லை. 30 பவுணுக்கு அதில் வாசித்த பாட்டுக்களில்தான் அக்கறை.

ஹொஃப்னரின் நீளம் 30 அங்குலம். கிட்டார்க் கைக்கு அது இலகு. நான் தேடிப்போன கண்டிக் கடையில் அப்படியொரு குட்டை பேஸும் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். விரல் உடனே வீட்டுக்கு வந்த மாதிரி ஓடியது, அதனாலேயே திருப்பி வைத்தேன். கை சிறிய பிள்ளைகளுக்கு, முதுகு நோகும் ஆட்களுக்கு அதைத்தான் சொல்வேன், தயங்காமல். எனக்கோ கிட்டாரை மறக்கவைக்கும் வாத்தியம் தேவைப்பட்டது.

*

கடையில் பார்த்ததை எழுதி வைக்கிறேன், யாருக்காவது உதவும்.

கழுத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்து, துப்பாக்கி குறி பார்ப்பது போல் நீளவாக்கில் பார்க்க வேண்டும். முறுக்கிக்கொண்டிருந்தால் விலை எதுவானாலும் வேண்டாம். முன்பக்கம் லேசாக வளைந்திருந்தால் பரவாயில்லை. உள்ளே ஓடும் இரும்புக் கம்பியைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பிச் சரிசெய்யலாம். விரலைக் கழுத்தோரம் ஓட்டினால் ஃபிரெட் நுனிகள் கீறக்கூடாது. கீறினாலும் மெல்லிய அரத்தாலும் மணல் தாளாலும் ஒரு மாலையில் தீர்க்கலாம். நான் தீர்த்தேன். பிறகு வாரைப் போட்டுக்கொண்டு நின்று கையை விட்டுப் பார்க்க வேண்டும். தலை கனத்துக் கீழே சாயும் பேஸ், பாட்டு முழுக்க இடக்கையைக் கூலி இல்லாத வேலைக்கு வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃபிரெட்டாக அழுத்தி வாசிக்க வேண்டும், கடைக்காரர் முகம் சுளித்தாலும். ஜீ கம்பியில் ஐந்தாவது ஏழாவது ஃபிரெட் பக்கம் சில சுரங்கள் சீக்கிரம் செத்துவிடும். ஃபெண்டர் பாணி பேஸ்களுக்கு அது குலவழக்கம், விலை கூடியதிலும் உண்டு. அதற்காக விலையைக் குறைக்கச் சொல்லலாம், வாங்காமல் விடத் தேவையில்லை.

பிக்கப் பற்றி நான் கவலைப்படவில்லை. கரகரப்பு வரும் குமிழை மாற்ற மாத்தளையில் ரேடியோ திருத்துபவர் போதும். கழுத்தை மாற்றித் தர யாருமில்லை.

கடைக்காரர் சிரித்தார். “தம்பி, பொண்ணு பாக்க வந்த மாதிரி பாக்கிறீங்களே.” விலையைக் கொஞ்சம் இறக்கித்தான் தந்தார். பிரிசிஷன் வடிவத்தில் செய்த ஒரு நகல், தலையிலிருந்த பெயர் யாரோ சுரண்டிப் போனது, கழுத்து நேர். மிச்சப் பணத்தைக் காதுக்குள் மாட்டிக் கேட்கும் சிறு ஆம்ப்பிளிஃபயருக்கு வைத்தேன். கிட்டாருக்கு இருக்கும் சின்ன ஆம்ப்பில் பேஸைச் சத்தமாக வாசித்தால் ஸ்பீக்கர் கிழியும்.

*

கண்டியிலிருந்து ஏ9 வீதியில் தம்புள்ளை பஸ். பேஸின் உறை கிட்டார் உறையைவிட ஒரு முழம் நீளமாகத் தெரிகிறது. அக்குறணையில் ஏறியவர்கள் எல்லாருக்கும் அது வழியை மறித்தது. அலுவிகாரை தாண்டும்போது இடம் கிடைத்து மடியில் நிறுத்தினேன். பிறகு பலாபத்வல, மடவல உல்பொத்த, நாலந்தா.

இந்தப் பாதையில்தான் கோப்பிக் காலத்தில் எங்கள் ஆட்கள் மன்னார்க் கரையிலிருந்து காட்டைக் கடந்து நடந்து வந்தார்கள், தம்புள்ளை, நாலந்தா வழியாக மாத்தளைக்கு. வழியில் விழுந்தவர்கள் ஏராளம். வந்து சேர்ந்தவர்களின் தப்பு இன்னும் தோட்டங்களில் அடிக்கிறது.

*

34 அங்குல பேஸில் முதல் ஃபிரெட், மேல்முனையிலிருந்து ஏறத்தாழ 48 மில்லிமீற்றர் தள்ளி இருக்கிறது. என் கிட்டாரில் 36. ஒரு விரலுக்கு ஒரு ஃபிரெட் என்று பழகிய கை இங்கே விரிந்து விரிந்து மணிக்கட்டில் வலியாக முடியும். டபுள் பேஸ்காரர்களிடம் பழைய வழியொன்று உண்டு. 19ஆம் நூற்றாண்டில் வியன்னாவில் கற்பித்த ஃபிரான்ஸ் சிமாண்டலின் பாடப் புத்தகம் அதைப் பரப்பியது. கீழ்ப்பகுதியில் ஆட்காட்டி விரல், நடுவிரல், சுண்டுவிரல் மட்டும், மோதிரவிரல் சுண்டுவிரலுக்குத் துணை. நான்கு ஃபிரெட்டைப் பிடிக்க ஆசைப்படாமல் மூன்றோடு நிறுத்தி, கையை முழுதாக நகர்த்துவது. வேகமாக வாசிப்பதுதான் திறமை என்று இருபது வயதில் நம்பிய கைக்கு இது அடக்குமுறை. மணிக்கட்டு மட்டும் நன்றி சொல்கிறது.

*

இந்த நோட்டில் எதற்காகவாவது ஒரு பக்கத்தை முழுதாகக் கொடுப்பேன் என்றால் சுரத்தை நிறுத்துவதற்குத்தான்.

கிட்டாரில் சுரத்தைத் தொடங்குவது வேலை. அது தானாகத் தேய்ந்து போகும், போகிற வழியில் அடுத்தது வந்துவிடும். பேஸில் தொடங்குவது இலகு. ஒரு விரல் போதும். மோட்டவுன் ஒலிப்பதிவுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் வலக்கையில் பெரும்பாலும் ஆட்காட்டி விரல் ஒன்றைத்தான் பாவித்தார், அந்த ஒற்றை விரலில் ஒரு காலகட்டத்தின் ஆட்டமே இருந்தது. ஆனால் ஈ கம்பியைத் தட்டிவிட்டுச் சும்மா இருந்தால் அது நிற்காது. அடுத்த சுரத்தின் மேலும் ஏறி உட்கார்ந்துகொள்ளும். நீங்கள் தொடாத ஏ கம்பியும் கூட முனகும். எல்லாம் சேர்ந்து மண்டபத்தில் ஒரு சகதி. வாசித்தது சரியான சுரங்களாகவே இருக்கும், கேட்பவருக்கு மட்டும் ஒன்றும் புரியாது.

ஆகவே வலக்கைப் பெருவிரல் ஒரு கம்பியின் மேல் சாய்ந்திருக்க வேண்டும். தட்டும் விரல் மேலே போகப் போகப் பெருவிரலும் பின்னால் போய், விட்டுவந்த கம்பிகளை அமர்த்த வேண்டும். இடக்கையின் வேலையில்லா விரல்கள் கம்பிகளின் மேல் அழுத்தாமல் படுத்திருக்க வேண்டும். சுரம் முடியும் இடத்தில், அது அரை எண்ணிக்கையோ கால் எண்ணிக்கையோ, இடக்கை விரலைத் தளர்த்தி, ஆனால் தூக்காமல், நிறுத்த வேண்டும். தூக்கினால் வெறும் கம்பி ஒலிக்கும்.

பழைய ஆட்களுக்கு இது தெரிந்திருந்தது. ஆரம்பகால ஃபெண்டர் பேஸ்களில் கம்பிகளைத் தாங்கும் பாலத்துக்கு மேல் ஓர் உலோக மூடி, அதற்குள் கம்பியைத் தொடும் மெத்தைத் துண்டு. கெரல் கேய் பாலத்தருகே தடித்த ஃபெல்ட் துணியை வைத்து வாசித்தார். நான் பாத்திரம் கழுவும் ஸ்பொஞ்சை விரல் அகலத்துக்கு வெட்டிக் கம்பிகளுக்கு அடியில் சொருகினேன். பெயரில்லாத என் பேஸ் அந்த நொடியில் விலை கூடிவிட்டது. சுரம் பிறந்து, தடித்து, உடனே அடங்கியது. யூடியூபில் பிக்கப் மாற்றச் சொல்லும் ஆட்கள் யாரும் ஸ்பொஞ்ச் பற்றிப் பேசுவதில்லை. அதில் விற்க ஒன்றுமில்லை.

ஸ்பொஞ்ச் ஓர் ஊன்றுகோல் என்பதும் சரிதான். அது எல்லாச் சுரத்தையும் ஒரே நீளத்தில் வெட்டுகிறது. எதை எவ்வளவு நேரம் விட வேண்டும் என்று விரல்தான் முடிவு செய்ய வேண்டும். மெட்ரோனோமைத் தட்டிவிட்டு ஒரே சுரம், ஒரே ஃபிரெட். முதலில் முழு எண்ணிக்கைக்கும் நீட்டி, பிறகு முக்கால், பாதி, கால். தொடங்கும் இடம் மாறாமல் முடியும் இடத்தை மட்டும் நகர்த்துவது. மனைவி அடுப்படியிலிருந்து கேட்டாள், பாட்டு எப்போது வரும் என்று. இதுதான் பாட்டு என்றேன். நம்பவில்லை.

*

கரண்ட் இல்லாத இரவுகளில் ஒரு வழி கண்டுகொண்டேன். ஆம்ப் இல்லாத பேஸ் பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்காது. ஆனால் அதன் உடம்பின் மேல்கொம்பில் தாடையை வைத்தால் எலும்பு வழியாக முழுதும் கேட்கிறது. சுரம் எங்கே முடிகிறது என்பதும் கேட்கிறது, பல்லில்.

*

41 தடவை அதிரும் ஒலியின் அலை நீளம் 8 மீற்றருக்குச் சற்று மேல். ஸ்பீக்கரில் வாசித்தால் என் அறையில் அந்த அலை நீட்டிப் படுக்க இடமில்லை. சுவரில் மோதித் திரும்பி, சில மூலைகளில் தன்னோடு தானே சேர்ந்து பெருகும், சில இடங்களில் தன்னையே அழித்துக்கொள்ளும். நான் உட்காரும் கதிரையில் ஈ சுரம் இல்லை. கதவருகே நின்றால் நெஞ்சில் இடிக்கிறது. ஒரு குறிப்பிட்ட சுரத்துக்குக் கூரைத் தகரம் மட்டும் பதில் சொல்கிறது. பக்கத்து வீட்டு அம்மாவுக்கு நான் வாசிப்பது என்னைவிட நன்றாகக் கேட்கிறதாம், சிங்களத்தில் சிரித்துக்கொண்டே சொன்னார். குற்றச்சாட்டா பாராட்டா என்று பிரித்தறிய முடியவில்லை.

தாழ்ந்த ஒலி தூரம் போகும், கட்டிடத்தைச் சுற்றியும் வளையும். மாத்தளை முத்துமாரியம்மன் கோவில் மாசிமகத் தேரன்று, ஐந்து தேரும் வீதியில் இருக்கையில், இரண்டு தெரு தள்ளி நின்றால் நாயனம் காற்றுக்கேற்ப வரும், போகும். தவிலின் வலந்தலைச் சொற்கள் தேய்ந்துவிடும். இடப்பக்கத் தொப்பியில் கழி விழும் அடி மட்டும் வந்துகொண்டேயிருக்கும். அதை வைத்தே தேர் எந்தத் திருப்பத்தில் நிற்கிறது என்று சொல்லிவிடும் ஆட்கள் உண்டு. தவில்காரரைப் பார்க்கும்போது எல்லாருக்கும் கூடு மாட்டிய வலக்கை விரல்கள்தான் கண்ணில் படும். இந்த முறை நான் இடக்கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். எல்லா எண்ணிக்கைக்கும் அது அடிப்பதில்லை. அடிக்காமல் விட்ட இடங்களில் வலக்கைக்கு வழி கிடைக்கிறது.

*

சின்ன வயதில் பாட்டுக் கேட்டது ட்ரான்சிஸ்டரில், இலங்கை வானொலித் தமிழ்ச் சேவையில். உள்ளங்கை அகல ஸ்பீக்கர். அதில் நொடிக்கு 150 அதிர்வுக்குக் கீழே பெரிதாக எதுவும் வராது. அப்படியானால் பேஸ் கேட்டிருக்கவே முடியாதே? கேட்டோம். 41இல் பிறக்கும் சுரத்தோடு 82, 123, 164 என்று மேல்சுரங்களும் பிறக்கின்றன. அடி இல்லாமல் மேல்வரிசை மட்டும் வந்தாலும், அந்த இடைவெளியைப் பார்த்து மூளை அடிச்சுரத்தைத் தானே போட்டுக்கொள்கிறது. ஸ்பீக்கரில் இல்லாத ஒன்றைத் தலைக்குள் வைத்து இளையராஜாவைக் கேட்டிருக்கிறோம்.

1980இல் வந்த மூடுபனி படத்தில் யேசுதாஸ் பாடிய அந்தக் கிட்டார்ப் பாட்டை இந்தப் பக்கம் கிட்டார் தூக்கிய எல்லாரும் பழகியிருக்கிறோம். நானும் தொடக்கத்தை விரல் நோகப் பழகினேன். காதுக்குள் மாட்டி இப்போது கேட்டால் அடியில் இன்னொரு பாட்டு ஓடுகிறது. பேஸ் சுருதியைத் தாங்கிவிட்டு ஓய்வதில்லை, பாடகர் மூச்செடுக்கும் இடத்தில் தன் வரியைச் சொல்கிறது, அவர் திரும்பியதும் ஒதுங்குகிறது. ராஜா தாமே கிட்டார் கற்றவர், பேஸ் வரியையும் நோட்டேஷனில் எழுதிக் கொடுப்பவர். அவர் குழுவில் நெடுங்காலம் வாசித்தவர் சசிதரன். பிறகு ரஹ்மானின் பாடல்களில் கீத் பீட்டர்ஸ். கலியாண வீட்டில் எத்தனை பேருக்கு இந்த இரண்டு பெயரும் தெரியும் என்று கேட்டுப் பார்த்தேன். கீபோர்ட்காரருக்குத் தெரிந்திருந்தது.

*

ஞாயிற்றுக்கிழமை நாலந்தா கெடிகே பக்கம் போனேன், பேஸ் இல்லாமல். பல்லவர் கோவில்களின் சாயலில், முழுக்கக் கல்லால், பௌத்தர்களுக்காக எழுப்பிய சிறு கட்டிடம். 8ஆம் நூற்றாண்டுக்கும் 10ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டது என்கிறார்கள். மகாவலித் திட்டத்தில் போவத்தென்ன நீர்த்தேக்கம் வந்தபோது அது நின்ற இடம் தண்ணீருக்குப் போனது. கல் கல்லாகப் பிரித்து, உயர்த்திய மேட்டில் திரும்ப அடுக்கினார்கள். 1980 அளவில் வேலை முடிந்தது. அடிப்பீடத்துக் கற்களை நெடுநேரம் பார்த்தேன். வரிசை மாறாமல் வைத்திருக்கிறார்கள். மேலே விமானத்தில் இல்லாத கல் தெரிகிறது, கீழே அப்படி ஒன்று விடுபட்டிருந்தால் மேலே எதுவும் நின்றிருக்காது.

சுற்றிலும் நிற்கும் இந்தத் தண்ணீரில் பொல்கொல்லவில் மகாவலியிலிருந்து பிரித்ததும் கலந்திருக்கிறது. சுரங்கம் வழியாக உக்குவளை வந்து, மின்சாரம் கொடுத்து, சுது கங்கையில் இறங்கி, இங்கே வந்து நிற்கிறது. இங்கிருந்து இன்னொரு சுரங்கத்தில் கலாவெவ பக்கம். திறப்பதற்கும் மூடுவதற்கும் யாரோ ஓர் ஆள் பதிவேட்டோடு உட்கார்ந்திருப்பார்.

*

மார்கழி மழையில் பேஸின் கழுத்து நகர்ந்துவிட்டது. முதல் ஃபிரெட்டையும் கடைசி ஃபிரெட்டையும் அழுத்திப் பிடித்தால் நடுவில் ஒரு விசிட்டிங் கார்ட் நுழையும் இடைவெளி வேண்டும். இரண்டு கார்ட் நுழைந்தது. கால் சுற்று. மறுநாள் இன்னும் கொஞ்சம்.

*

கலியாண வீட்டில் இரவு பத்துக்கு மேல் யாரும் மெலடி கேட்பதில்லை. பைலாதான். பொலிஸ்காரராக இருந்த வொலி பஸ்தியான் வளர்த்தெடுத்த பைலா, ஏ.ஈ. மனோகரன் தமிழில் கொண்டாட்டமாக்கிய சுராங்கனி, நித்தி கனகரத்தினத்தின் சின்ன மாமி. எண்ணிக்கை ஆறு. கிட்டாரில் நான் ஆறையும் உரசிக்கொண்டிருந்தவன். பேஸில் ஒன்றும் நான்கும் போதும். அந்த இரண்டையும் நீட்டிப் பிடித்தால் கூட்டம் நின்றுகொண்டு கைதட்டும். இரண்டையும் சட்டென்று வெட்டினால் கால் தானாகத் தூக்கும். ஒரே பாட்டுக்குள் இரண்டு விதமாகவும் வாசித்து மேடையிலிருந்து பார்த்தேன். மாமாமார் முதலில் எழுந்தார்கள், எப்போதும்போல.

நடுவில் பாடகருக்குத் தொண்டை கட்டியது. இறக்கச் சொன்னார், இரண்டரைக் கட்டைக்கு. கிட்டாரில் என்றால் கப்போவை நகர்த்தியிருப்பேன், சுரத்தின் பெயரைக்கூட யோசிக்கத் தேவையில்லை. பேஸில் கப்போ இல்லை. ஈ கம்பி மூன்று கட்டை. அதற்குக் கீழே என் வாத்தியத்தில் இடமில்லை. ட்ரம்ஸ் தம்பி குனிந்து, “ஃபைவ் ஸ்ட்ரிங் ஒண்ணு எடுத்திருக்கலாம்ணே” என்றான். ஐந்தாவது கம்பிக்கு இன்னும் எவ்வளவு சல்லி என்று அவனுக்குத் தெரியாது. ஏ கம்பியின் ஆறாவது ஃபிரெட்டில் மேல் ஸ்தாயியில் பிடித்தேன், ஒலி சற்று மெலிந்தாலும் சுருதி நின்றது. அடுத்த பாட்டுக்கு முன் ஈ கம்பியின் முறுக்காணியைத் தளர்த்திப் பார்க்கலாமா என்று யோசிப்பதற்குள், பாடகர் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பழைய கட்டையிலேயே தொடங்கிவிட்டார்.